அப்பா ஃபோல்டரை அங்கே நகர்த்த முடியாது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நடந்தது. எனக்கே நடந்தது. பட்டப்பகலில் ஆரம்பித்தது என்பதால் சிலர் இதைப் பேய்க் கதையாகவே ஒப்புக்கொள்வதில்லை. "பேய்க்கு டூட்டி டைம் ராத்திரிதானே மாமா, பகல்ல எப்படி வந்துச்சு? ஓவர்டைமா?" என்று என் மனைவியின் தம்பி கேலி செய்தான். அவனுக்கு நான் கடைசிப் பகுதியைச் சொல்லவில்லை. இங்கேதான் முதல் தடவையாக முழுசாகச் சொல்கிறேன்.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். ஜனங்கள் தங்கள் படங்கள், குரல் பதிவுகள், சான்றிதழ்கள் எல்லாவற்றையும் போட்டு வைக்கும் ஒரு சேமிப்பு மென்பொருள் எங்களுடையது. அதில் என் பொறுப்பு ஒரு சின்ன மூலை. ஒரு ஃபோல்டரை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்த்துகிறீர்கள் இல்லையா, அதில் நகர்த்தக் கூடாத இடத்துக்கு நகர்த்தினால் தடுப்பது.

அலமாரியைத் தூக்கி அதன் இழுப்பறைக்குள்ளேயே வைக்க முடியுமா? குழந்தைகூடச் சிரிக்கும். ஆனால் கம்ப்யூட்டர் சிரிக்காது, சொன்னதைச் செய்துவிடும். செய்துவிட்டால் அலமாரி இழுப்பறைக்குள், இழுப்பறை அலமாரிக்குள் என்று ஒன்றுக்குள் ஒன்று போய், வீட்டிலிருந்தே இரண்டும் காணாமல் போய்விடும். அழியாது, எங்கேயோ இருக்கும். ஆனால் வாசலிலிருந்து அதற்குப் போக வழி இருக்காது. அந்த மாதிரி நகர்த்தல் வரும்போதெல்லாம் 'இந்த ஃபோல்டரை அங்கே நகர்த்த முடியாது' என்று சொல்வதுதான் பத்து வருடமாக என் பிழைப்பு. வாட்ச்மேன் வேலைதான், சீருடை மட்டும் இல்லை.

எங்கள் குழுவில் குருவி என்று ஒருவன் உண்டு. அவன் கொறித்துப் பார்த்திருக்கிறோம், சாப்பிட்டுப் பார்த்ததில்லை. அவன் ஒருநாள் மேனேஜர் ரூமின் மரக் கதவைத் தட்டி, அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து, என் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டான். மென்பொருள் யாருடைய நகர்த்தலையாவது மறுத்தால் ஒரு 'டொக்' கேட்கும். "மேனேஜர் ரூம்ல நாம தட்டுறோம்ல, அவரு விடமாட்டேங்கிறாருல்ல, அதே கதைதான்" என்றான். ஒரு நாளைக்கு நாலைந்து டொக் வரும். பழகிவிட்டது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதியம் சாப்பிட்டுக் கண்ணயரும் நேரம், ஹெல்ப்டெஸ்க் அக்கா ஃபோன் செய்தார்.

"தம்பி, ஞாயித்துக்கிழமை உன்ன எழுப்புறதுக்கு மன்னிச்சுக்கோ. ஒரு பொண்ணு வெள்ளிக்கிழமையில இருந்து அழுதுக்கிட்டே ஃபோன் பண்ணுது. அவங்கப்பா ஆஸ்பத்திரியில நினைவில்லாம கிடக்காராம். அம்மா போய்ச் சேர்ந்து பத்து மாசம். அம்மா பேசுன பதிவெல்லாம் நம்மகிட்டதான் இருக்காம். அத அப்பா காதுல போட்டா நினைவு வந்தாலும் வரும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. பாத்தா ஃபோல்டரே இல்லையாம்."

"அழிச்சிருப்பாங்க அக்கா."

"அழிக்கலப்பா. நான் பாத்துட்டேன். அப்பா ஃபோல்டரையும் காணோம், அம்மா ஃபோல்டரையும் காணோம். ஆனா இடம் மட்டும் அடைச்சுக்கிட்டு இருக்கு. இன்னிக்கோ நாளைக்கோன்னு சொல்லிட்டாங்களாம். கொஞ்சம் மனசு வை."

இடம் அடைத்துக்கொண்டிருக்கிறது, ஆனால் காணோம். எனக்குத் தூக்கம் போய்விட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பினேன். பின்னால் மனைவி முணுமுணுத்தது காதில் விழவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

மூன்று மணிக்கு ஆபீஸ். கீழே வாட்ச்மேன் அண்ணன் மட்டும். மாடியில் நான் மட்டும். ஜன்னல் வழியே நல்ல வெயில்.

கோளாறைக் கண்டுபிடிக்க அரைமணி நேரம் ஆனது. அந்த வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து ஒரு குடும்பக் கணக்கு. அதற்குள் ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு ஃபோல்டர். யாருடையதை யார் வேண்டுமானாலும் நகர்த்தலாம். வியாழக்கிழமை மதியம் 2.17க்கு 'அப்பா' கணக்கிலிருந்து ஒரு நகர்த்தல்: அப்பா ஃபோல்டர், அம்மா ஃபோல்டருக்குள். அதே நொடியில் 'அம்மா' கணக்கிலிருந்து இன்னொன்று: அம்மா ஃபோல்டர், அப்பா ஃபோல்டருக்குள்.

தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே தப்பில்லை. நீங்கள் என் வீட்டுக்கு வர, நான் உங்கள் வீட்டுக்கு வர, இருவரும் ஒரே நேரத்தில் கிளம்பினால் எப்படி? இரண்டு வீட்டிலும் ஆள் இருக்காது. எங்கள் மென்பொருள் இரண்டையும் ஒரே சமயத்தில் சோதித்து, இரண்டுக்கும் சரி என்று தலையாட்டிவிட்டது. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொண்டு மறைந்துவிட்டன. பத்து வருடத்தில் இந்த ஓட்டை என் கண்ணில் பட்டதே இல்லை. ஒரே நொடி அமைவது அவ்வளவு அபூர்வம்.

அப்புறம்தான் உறைத்தது. அம்மா இறந்து பத்து மாதம் என்று அக்கா சொன்னாரே...

அந்தப் பெண்ணுக்கு ஃபோன் செய்தேன். குரல் கட்டியிருந்தது.

"அம்மாவோட ஃபோனை யாராவது பயன்படுத்துறீங்களா மேடம்?"

"இல்ல சார். அது உடைஞ்சு போய் அலமாரியில கிடக்கு. ஆன் ஆகாது."

"அப்பா ஃபோன்?"

"என் பையிலதான் இருக்கு. வியாழக்கிழமையில இருந்து சார்ஜ் இல்ல. அன்னிக்குத்தான் அப்பா பாத்ரூம்ல விழுந்தாரு."

"எத்தனை மணிக்கு?"

"ரெண்டே காலு இருக்கும் சார். நான் பக்கத்து ரூம்லதான் இருந்தேன், சத்தம் கேட்டுச்சு. ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதான்" என்றேன்.

பழைய டேப்லெட் ஏதாவது வீட்டு மூலையில் கிடந்து, தானாக விழித்துக்கொண்டு கோளாறு செய்திருக்கும். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நான் அரளவில்லை. வெயில் அடிக்கிற மாடியில் உட்கார்ந்து எவன் அரளுவான்?

வேலையைப் பார்த்தேன். முதலில் ஓட்டையை அடைத்தேன். இனி ஒரு குடும்பத்தில் ஒரு நேரத்தில் ஒரு நகர்த்தல்தான். ஒன்று முடிந்த பிறகே அடுத்ததைச் சோதிக்கும். பிறகு அந்தப் பூட்டை வெட்டினேன். அப்பா ஃபோல்டரைப் பிடித்து இழுத்து வெளியே, பழைய இடத்தில் வைத்தேன். அதற்குள்ளேயே அம்மா ஃபோல்டர் இருந்தது. பத்திரமாக, ஒரு பதிவுகூடக் குறையாமல்.

மணி 4.20.

4.24க்கு அந்தப் பெண் ஃபோன் செய்தாள். அழுகையும் சிரிப்புமாக.

"சார்... ஃபோல்டர் வந்துடுச்சு சார். அதவிட... அப்பா கண்ணு முழிச்சுட்டாரு. நான் இன்னும் எதையும் போடக்கூட இல்ல. இப்பத்தான், நாலு நிமிஷம் இருக்கும், படக்குன்னு முழிச்சுத் தண்ணி கேட்டாரு. நர்ஸ் ஓடிப் போயி டாக்டர கூட்டிட்டு வராங்க."

காக்கா உட்கார பனம்பழம் விழுந்த கதை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனால் சந்தோஷமாக இருந்தது. பத்து வருடத்தில் என் வேலையால் ஒருவர் அழுதுகொண்டே சிரித்தது அன்றைக்குத்தான். கண் கலங்கியதை மறைக்க அங்கே யாரும் இல்லை, அதனால் மறைக்கவில்லை.

"இருங்க சார், அம்மா குரல போடுறேன். நீங்களும் கேளுங்க. உங்களாலதான்."

ஃபோனில் ஒரு பெண்ணின் குரல் கேட்டது. கொஞ்சம் கனத்த குரல். 'எங்க இருக்கீங்க... எவ்வளவு நேரம் கூப்பிடுறது... வாங்க. நான் காத்துக்கிட்டே இருக்கேன்ல...'

"அம்மா இப்படித்தான் சார்" என்று மகள் சிரித்தாள். "அப்பாவ ஒரு இடத்துக்குத் தனியா விடமாட்டாங்க. கடைக்குப் போயி பத்து நிமிஷம் லேட் ஆனா போதும், பத்து நிமிஷத்துக்கு ஒரு ஃபோன் வரும். அப்பா எடுக்கலைன்னா அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணு. அப்புறம் நிமிஷத்துக்கு ஒண்ணு."

பின்னால் ஒரு முதிய குரல் ஏதோ சொன்னது. பதிவு நின்றது.

"போதும்னுட்டாரு" என்றாள் மகள். "களைப்பா இருப்பாரு போல."

நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். விளக்கை அணைக்கக் கை வைத்தேன்.

டொக்.

ஸ்க்ரீனில் மறுப்பு ஒன்று. அப்பா கணக்கு. அப்பா ஃபோல்டரை அம்மா ஃபோல்டருக்குள் நகர்த்தக் கேட்டிருந்தது. அம்மா ஃபோல்டர் இப்போது அப்பா ஃபோல்டருக்குள் இருக்கிறது. அலமாரி, இழுப்பறை. என் மென்பொருள் சரியாகச் சொல்லியிருந்தது: இந்த ஃபோல்டரை அங்கே நகர்த்த முடியாது.

மணி 4.31.

சரி, அந்த டேப்லெட்தான். பையைக் கீழே வைத்தேன்.

4.41. டொக்.

4.51. டொக்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் ஆப் ஒருமுறை மறுக்கப்பட்டால் தானாக மறுபடி கேட்காது. ஒரு ஆள் மறுபடி விரலை வைக்க வேண்டும். நானே எழுதியது, எனக்குத் தெரியும்.

மகளுக்கு ஃபோன் செய்தேன்.

"அப்பா ஃபோன் இப்ப எங்க இருக்கு?"

"பையிலதான் சார். ஆஃப்லதான் இருக்கு."

"அப்பா என்ன பண்றாரு?"

"உக்காந்திருக்காரு. ஒரு கையில டிரிப்ஸ். இன்னொரு கை என் கையிலதான் இருக்கு, விடவே மாட்டேங்கிறாரு. கதவையே பாத்துக்கிட்டு இருக்காரு சார். டாக்டருக்காகத்தான் இருக்கும்."

டொக். 5.01.

அப்பா கணக்கை முடக்கினேன். முடக்கிய கணக்கிலிருந்து எந்தக் கோரிக்கையும் உள்ளேயே வராது. வாசலிலேயே விழுந்துவிடும்.

5.06. டொக். அப்பா கணக்கு. முடக்கப்பட்டது என்று பக்கத்திலேயே போட்டிருந்தது.

பத்து நிமிடம் ஐந்து நிமிடமாகியிருந்தது.

5.11. 5.16. 5.21.

குருவியின் மேல் எரிச்சல் வந்தது. சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்தேன். பூஜ்யம். ஸ்பீக்கர் வயரையும் பிடுங்கினேன்.

5.26. ஸ்க்ரீனில் மறுப்பு.

டொக்.

வயர் என் கையில் இருந்தது.

திரும்பினேன். சத்தம் கம்ப்யூட்டரிலிருந்து வரவில்லை. எனக்குப் பின்னால், மேனேஜர் ரூம் பக்கத்திலிருந்து வந்தது. மரக் கதவில் விரல் முட்டி படும் சத்தம். ஆனால் அந்தக் கதவு அங்கே இல்லை. போன மாதமே கழற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். இப்போது இருப்பது கண்ணாடிக் கதவு. உள்ளே காலி நாற்காலி தெரிந்தது.

படிக்கட்டில் காலடி. உயிர் போய்த் திரும்பி வந்தது.

வாட்ச்மேன் அண்ணன்.

"சார், மேல யாரு கதவ தட்டிக்கிட்டே இருக்கிறது? கீழ வரைக்கும் கேக்குது."

"கம்ப்யூட்டர் சத்தம்ணே."

அவர் என் கையிலிருந்த வயரைப் பார்த்தார். கண்ணாடிக் கதவைப் பார்த்தார். கீழே போய்விட்டார். அவர் வேகமாக இறங்கியது எனக்குக் கேட்டது.

ஓடிப்போயிருக்கலாம். ஏன் போகவில்லை என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். பயத்தை விடப் பெரிதாக ஒன்று அப்போது எனக்குள் இருந்தது. பரிதாபம். அந்தப் பெரியவர்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். வருடக்கணக்காகக் கூடவே வாழ்ந்தவள் போய்விட்டாள். வியாழக்கிழமை ஒன்றுக்குள் ஒன்றாகச் சேர்ந்தவர்களை நான்தான் வந்து வெட்டிவிட்டேன். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. உடம்பு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கிறது, மனசு அவள் வாசலில் நின்று தட்டிக்கொண்டிருக்கிறது. நான் முடியாது முடியாது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

5.52. 5.53. 5.54.

நிமிடத்துக்கு ஒன்று.

வெளியே வெயில் போய்விட்டது.

அடம்பிடிக்கும் வாடிக்கையாளருக்கு நாங்கள் செய்வது ஒன்றுதான். அவர் கேட்பதைச் சரியான வழியில் முடித்துக் கொடுப்பது. அம்மா ஃபோல்டரை அப்பாவுக்குள்ளிருந்து வெளியே எடுத்து வைத்துவிட்டால் போதும். அப்புறம் அப்பா அம்மாவுக்குள் போகத் தடையே இல்லை. ஒன்றுக்குள் ஒன்றாகச் சுற்றிக்கொள்ளாது, பூட்டும் விழாது. விதிப்படி சரி.

6.09. டொக்.

6.10. டொக்.

"போங்கய்யா. போய்ச் சேருங்க" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

அப்பா கணக்கின் முடக்கத்தை எடுத்தேன். அம்மா ஃபோல்டரை வெளியே வைத்தேன்.

6.11.

சத்தம் இல்லை.

6.12.

சத்தம் இல்லை... ஸ்க்ரீனில் மட்டும் ஒரு வரி. அப்பா ஃபோல்டர், அம்மா ஃபோல்டருக்குள். நகர்த்தப்பட்டது.

அவ்வளவுதான். அப்புறம் ஒரு டொக்கூட இல்லை. ஆபீஸ் நிம்மதியாக இருந்தது. நானும் நிம்மதியாக இருந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நல்லது செய்த நிம்மதி. வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் ஹெல்ப்டெஸ்க் அக்கா சொன்னார், அந்தப் பெரியவர் ஞாயிறு சாயங்காலமே தவறிவிட்டார் என்று. வருத்தமாக இருந்தது. ஆனால் ஆச்சரியமாக இல்லை. சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து அந்த மகள் ஃபோன் செய்தாள்.

"அப்பா கணக்க மூடணும் சார். பாஸ்வேர்ட் கேக்குது. எங்க யாருக்கும் தெரியாது."

"அப்பா ஃபோன்ல பாருங்க மேடம், சேமிச்சு வச்சிருப்பாரு."

"அவரு ஃபோன்ல அந்த ஆப்பே இல்ல சார். அப்பா அத ஒரு நாளும் தொட்டதில்ல. அப்பா பேர்ல கணக்கு ஆரம்பிச்சது, படம் போட்டது, எல்லாமே அம்மாதான். பாஸ்வேர்ட் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்."

அவள் பேசிக்கொண்டே இருந்தாள். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்திருக்கும்.

"முழிச்சதுல இருந்து அப்பா நல்லாத்தான் சார் இருந்தாரு. டாக்டரே ரெண்டு நாள்ல வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்னாரு. வீட்டுக்குப் போயி முடி வெட்டிக்கணும், என் பையன பாக்கணும்னு சொன்னாரு. ஆனா ஒண்ணே ஒண்ணுதான். யாரோ கதவ தட்டுறாங்க, தொறந்துடாதீங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. எங்களுக்கு ஒண்ணும் கேக்கல. என் கைய புடிச்சு, 'தொறக்க வேணாம்னு சொல்லும்மா, நான் வரலைன்னு சொல்லும்மா'ன்னு கெஞ்சினாரு. சின்னப் புள்ள மாதிரி அழுதாரு. நானும் கதவ சாத்தித் தாழ்ப்பா போட்டுட்டுப் பக்கத்துலயே உக்காந்திருந்தேன்."

"அப்புறம்?"

"ஆறு பன்னெண்டுக்கு அழுகைய நிறுத்திட்டாரு சார். கதவ ஒரு தடவ பாத்தாரு. 'தொறந்துட்டாங்க'ன்னாரு. அவ்வளவுதான்."

அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"கதவு சாத்தித்தான் சார் இருந்துச்சு. நான் தாழ்ப்பாள்ல கை வச்சுக்கூடப் பாத்தேன். யாரு தொறந்தாங்கன்னுதான் எனக்கு இன்னும் புரியல."